வைஃபை இணைந்திருக்கிறது, இணையம் மட்டும் வரவில்லை

தேன்சிட்டு:

வணக்கம். நேற்று மாலையிலிருந்து என் லேப்டாப்பில் இந்தத் தொல்லை. வைஃபை உடனே இணைகிறது, சிக்னல் முழுதாக இருக்கிறது, பாஸ்வேர்டிலும் தவறில்லை. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. திரையின் கீழ்மூலையில் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் பூமி உருண்டை போல ஒரு படம் வந்திருக்கிறது. அதன்மேல் சுட்டியை வைத்தால் இணைய இணைப்பு இல்லை என்கிறது. விண்டோஸ் 11. ரூட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டாயிற்று, லேப்டாப்பையும் ரீஸ்டார்ட் செய்தாயிற்று. அதே வைஃபையில் என் ஃபோன் நன்றாக ஓடுகிறது, இதையே ஃபோனில்தான் தட்டுகிறேன். நாளை மாலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடித்து அனுப்ப வேண்டும், கோப்புகள் எல்லாம் லேப்டாப்பில் இருக்கின்றன. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தூண்:

செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்று ஒன்று இருக்கும். அழுத்துங்கள், லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகும், எல்லாம் சரியாகிவிடும். எனக்கு இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

பழைய ஒயர்மேன்:

கல்தூண் சொல்வது பலிக்கும் வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். ரீசெட் செய்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன் போன்றவற்றைத் திரும்ப அமைக்க வேண்டிவரலாம். அதைவிட முக்கியம், கோளாறு எங்கே இருந்தது என்ற தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

தேன்சிட்டு, முதலில் ஒன்று. உங்கள் ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் நிறைய ஃபோன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நாம் ஃபோனில் ஓடுகிறது என்று நம்பி லேப்டாப்பைக் குடைந்துகொண்டிருப்போம், உண்மையில் வீட்டுக்கு வரும் இணைப்பே அறுந்திருக்கும்.

தேன்சிட்டு:

மொபைல் டேட்டாவை அணைத்துப் பார்த்தேன். ஃபோனில் பக்கங்கள் திறக்கின்றன, வீடியோவும் ஓடுகிறது. ஆக, லேப்டாப்பில்தான் கோளாறு, சரியா?

பழைய ஒயர்மேன்:

பெரும்பாலும் அப்படித்தான். ரூட்டர் குறிப்பிட்ட ஒரு கருவியை மட்டும் தடுக்கவும் வாய்ப்பு உண்டு, அதை அப்புறம் பார்க்கலாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை இணைந்திருக்கிறது என்றால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையிலுள்ள அந்தச் சில மீட்டர் தூரம் சரியாக இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அதற்கு மேல் லேப்டாப்புக்கு ஒரு முகவரி கிடைக்க வேண்டும். ரூட்டர் அதன் பேச்சை வெளியே கடத்த வேண்டும். தளத்தின் பெயரைச் சொன்னால் அதை எண்ணாக மாற்றித் தர ஒருவர் வேண்டும். கடைசியில் பிரவுசர் நேர்வழியில் போக வேண்டும். இவற்றில் எது அறுந்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்காது.

எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு சாய்கோடும் ‘ஆல்’ என்பதும் சேர்த்து என்டர் தட்டுங்கள். நீளமாக வரும். வைஃபை பகுதியில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஐபிவி4 முகவரி (லேப்டாப்பின் எண்), டிஃபால்ட் கேட்வே (ரூட்டரின் எண்), டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருபவரின் எண்).

பிறகு, மறுமுனை பதில் தருகிறதா என்று கேட்கும் ‘பிங்’ கட்டளையில் முதலில் கேட்வே எண்ணையும், அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 என்பதையும், மூன்றாவதாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரையும் அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வருகிறதா, இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.

மழைக்குருவி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லை, அதனால் நானும் செய்து பார்த்தேன். என் ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்குகிறது. கேட்வே இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. எந்த பிங்குக்கும் பதில் இல்லை. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் இணையம் வருகிறது!

பழைய ஒயர்மேன்:

மழைக்குருவி, உங்களுடையது வேறு கதை. 169.254 என்று தொடங்கும் முகவரியை ரூட்டர் கொடுக்கவில்லை. லேப்டாப் முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் அதுவே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டது. அந்த முகவரியை வைத்துக்கொண்டு ரூட்டரைத் தாண்டி வெளியே போக முடியாது. ஹாட்ஸ்பாட்டில் முகவரி கிடைக்கிறது என்பதால் லேப்டாப் கேட்பதில் குறை இல்லை, ரூட்டர்தான் தரவில்லை. ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையோடு சாய்கோடு ‘ரிலீஸ்’, பின்பு சாய்கோடு ‘ரினியூ’ அடித்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் உங்கள் வீட்டில் அந்த ரூட்டரோடு எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கல்தூண்:

மழைக்குருவி, முகவரி கிடைக்கவில்லை என்றால் நாமே கையால் ஒன்றைப் போட்டுவிடலாமே. 192.168.1.50 என்பது போல.

பழைய ஒயர்மேன்:

போடலாம், வேலையும் செய்யலாம். ஆனால் அதே எண்ணை ரூட்டர் வேறொரு கருவிக்குக் கொடுத்திருந்தால் இரண்டும் மோதி, இரண்டுமே விட்டுவிட்டு அறுந்துகொண்டிருக்கும். லேப்டாப்பை வெளியே எடுத்துப் போய் இன்னொரு வைஃபையில் சேர்க்கும்போது அங்கே அந்த எண் செல்லாமல் போகலாம், அப்போது வைஃபை இணைந்தும் இணையம் வராது. கையால் போட்டதை மறந்தே போயிருப்போம். இந்த மறதியால் மட்டும் எத்தனையோ பேர் நல்ல லேப்டாப்பைப் பழுது என்று தூக்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தேன்சிட்டு:

என் முடிவுகள் இதோ.

ஐபிவி4 முகவரி 192.168.1.23
கேட்வே 192.168.1.1
டிஎன்எஸ் சர்வர் 127.0.0.1

கேட்வேக்குப் பதில் வருகிறது. 8.8.8.8 எண்ணுக்கும் நான்கு பதில் வந்தது. தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது.

8.8.8.8 வெளியில் இருப்பதுதானே? அப்படியென்றால் இணையம் வருகிறது என்றுதானே பொருள்?

நெய்தல்:

ஆமாம், வருகிறது! உங்கள் லேப்டாப் இந்த நிமிடமும் வெளி உலகத்தோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பெயரை எண்ணாக்கும் இடத்தில் மட்டும் அறுந்திருக்கிறது. காரணமும் உங்கள் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. 127.0.0.1 என்பது எந்தக் கணினியிலும் ‘நானேதான்’ என்று பொருள்படும் முகவரி. ஒரு தளத்தின் எண் என்ன என்று லேப்டாப் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் சொல்ல உள்ளே யாரும் இல்லை.

அது தானாக அப்படி மாறாது. விளம்பரத் தடுப்பு, விபிஎன், பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டு மென்பொருள் என்று எதையாவது சமீபத்தில் நிறுவினீர்களா? அல்லது நீக்கினீர்களா?

தேன்சிட்டு:

நீக்கினேன்! விளம்பரங்களைத் தடுக்கும் ஒரு மென்பொருளைச் சில மாதங்களாக வைத்திருந்தேன். லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று நேற்று மதியம்தான் எடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

நெய்தல்:

அதுதான். அந்த வகை மென்பொருள் கணினிக்குள்ளேயே ஒரு சின்ன டிஎன்எஸ் சர்வராக உட்கார்ந்துகொண்டு, விளம்பரத் தளங்களின் பெயர் வந்தால் பதில் தராமல் விட்டுவிடும். அதற்காக டிஎன்எஸ் எண்ணை 127.0.0.1 என்று மாற்றியிருக்கும். நீக்கும்போது பழைய எண்ணைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், வைக்கவில்லை.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ் என்று உள்ளே போங்கள். டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்ற வரிக்குப் பக்கத்தில் எடிட் இருக்கும். அதைத் தொட்டு ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிச் சேமியுங்கள். பின்பு கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக்கோடு சாய்கோடு ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ அடித்து, பெயரை வைத்து மறுபடி பிங் செய்யுங்கள்.

தேன்சிட்டு:

மாற்றிவிட்டேன். டிஎன்எஸ் இப்போது 192.168.1.1 என்று காட்டுகிறது. பெயரைப் போட்டாலும் பிங் பதில் வருகிறது! பூமி உருண்டை போய் வைஃபை அடையாளம் வந்துவிட்டது.

ஆனால் பிரவுசரில் இன்னும் ஒன்றும் திறக்கவில்லை. ப்ராக்ஸி சர்வரோடு இணைய முடியவில்லை என்று ஏதோ சொல்கிறது. இரண்டு பிரவுசரிலும் அதே.

பழைய ஒயர்மேன்:

கவலை வேண்டாம், அதே மென்பொருளின் மிச்சம்தான் இதுவும். பிரவுசரின் பேச்சு முழுவதும் தன் வழியாகப் போக வேண்டும் என்று ஒரு ப்ராக்ஸியையும் வைத்திருக்கிறது. மென்பொருள் போய்விட்டது, வழிகாட்டிப் பலகை நிற்கிறது. பிங் அந்தப் பலகையைப் பார்ப்பதில்லை, அதனால் அது நேராகப் போய் வருகிறது. பிரவுசர் பலகையை நம்பி யாரும் இல்லாத வாசலில் போய் முட்டுகிறது.

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டுக்குள் ப்ராக்ஸி என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே ‘யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்’ ஆன் ஆகியிருக்கும், முகவரி 127.0.0.1 என்று இருக்கும். ஆஃப் செய்யுங்கள். அதற்கு மேலே ‘செட்டப் ஸ்கிரிப்ட்’ ஆன் ஆகியிருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள்.

உங்கள் வேலைக்கான ப்ராக்ஸியை அலுவலகத்தில் யாராவது போட்டுக் கொடுத்திருந்தால் மட்டும் தொடாதீர்கள், அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தேன்சிட்டு:

வந்துவிட்டது! நீங்கள் சொன்னபடியே 127.0.0.1, அதோடு 8 என்று தொடங்கும் நான்கு இலக்கப் போர்ட் எண் ஒன்று. ஆஃப் செய்த நொடியில் எல்லாப் பக்கமும் திறந்தன. இரவு முழுக்க உட்கார்ந்தாலும் நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வேலையை முடித்துவிட்டு வருகிறேன்.

ஆலங்குருத்து:

எனக்கும் இதே போல, ஆனால் சின்ன வித்தியாசம். வைஃபை அடையாளம் சரியாக இருக்கிறது, பிங் எல்லாமே வருகிறது, ப்ராக்ஸி ஆஃப். பிரவுசர் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பாக எச்சரிக்கிறது. நான்கு மாதமாக மூடி வைத்திருந்த பழைய லேப்டாப்.

நெய்தல்:

தேதியைப் பாருங்கள், நேரத்தை அல்ல, ஆண்டையும் சேர்த்து.

ஆலங்குருத்து:

2019 என்று காட்டுகிறது! திருத்தினேன், திறந்துவிட்டது. தேதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நெய்தல்:

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் லேப்டாப் 2019-இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை, எதையும் நம்பாது. பல லேப்டாப்களில் கடிகாரத்தை ஓட வைக்க உள்ளே காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்திருக்கலாம். அணைத்து வைத்து மறுநாள் போடும்போது தேதி மறுபடி பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். அதுவரை நேரம் தானாக அமையும்படி ஆன் செய்து, ‘சின்க் நவ்’ அழுத்திக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புச்சுவர்:

என் கேள்வி நேர் எதிரானது. எனக்கு எல்லாத் தளமும் திறக்கிறது. ஆனால் விண்டோஸ் மட்டும் இணையம் இல்லை என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி இரண்டு ஆப்கள் ஓட மறுக்கின்றன.

பழைய ஒயர்மேன்:

விண்டோஸ் இணையம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது விடை. வைஃபை இணைந்ததும் மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியிலிருந்து ஒரு சின்ன உரைக்கோப்பை எடுத்துப் பார்க்கும். அதில் ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்று மூன்றே சொற்கள். அந்தச் சொற்கள் அப்படியே வந்தால் இணையம் உண்டு. வராவிட்டால், வேறு எல்லாம் ஓடினாலும் இல்லை என்றே எழுதிவிடும். உங்கள் ரூட்டரிலோ கணினியிலோ ஏதாவது தடுப்புப் பட்டியல் அந்த முகவரியையும் சேர்த்துத் தடுக்கிறதா பாருங்கள். பட்டியலில் ‘எம்எஸ்எஃப்டி’ என்று தொடங்கும் ஒரு பெயர் இருக்கும். அதை விடுவித்துவிட்டு வைஃபையை ஒருமுறை துண்டித்துச் சேருங்கள்.

இதே சோதனைதான் விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களிலும் பயன்படுகிறது. அங்கே அந்தச் சொற்களுக்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கம் வரும், அதை வைத்துத்தான் விண்டோஸ் நம்மை உள்நுழையச் சொல்லி பிரவுசரைத் திறக்கிறது. சில நேரம் அந்தப் பக்கம் தானாக வராது. அப்போது பாதுகாப்பு இல்லாத பழைய வகை முகவரி ஒன்றை, அதாவது ‘எச்டிடிபி’ என்பதன் பின்னால் ‘எஸ்’ இல்லாத முகவரியை, கையால் அடித்தால் வந்துவிடும். விபிஎன் ஆன் ஆகியிருந்தால் முதலில் அணையுங்கள். கையால் வைத்த டிஎன்எஸ் எண்ணும் அந்தப் பக்கத்தை வரவிடாமல் செய்யக்கூடும்.

சுண்ணாம்புச்சுவர்:

ரூட்டரில் நான் சேர்த்த தடுப்புப் பட்டியலில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன், அடையாளம் மாறிவிட்டது. நன்றி ஐயா.

தேன்சிட்டு:

மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டேன். ஆனால் திரும்ப வந்து கேட்க வேண்டியதாகிவிட்டது. இன்று காலை லேப்டாப்பைப் போட்டால் மறுபடி அதே ப்ராக்ஸி ஆன் ஆகியிருக்கிறது. டிஎன்எஸ் மாறவில்லை. ஆஃப் செய்தால் ஓடுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் திரும்பிவிடுகிறது.

கல்தூண்:

இப்போதாவது ரீசெட் செய்துவிடலாமா?

பழைய ஒயர்மேன்:

செய்தாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்பிவரும், கல்தூண். ப்ராக்ஸியை ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று எழுந்து ஆன் செய்கிறது. அதைப் பிடிக்க வேண்டும்.

தேன்சிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியில் அந்த மென்பொருளின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, இடப்பக்கத்தில் லைப்ரரியைச் சொடுக்கி, பட்டியலில் அதன் பெயரைத் தேடுங்கள். லாகான் ஆகும்போது ஓடும்படி எழுதியிருக்கும். உறுதியாகத் தெரியாதவற்றை அழிக்க வேண்டாம், முதலில் ‘டிஸேபிள்’ செய்து பாருங்கள். இரண்டிலும் கிடைக்காவிட்டால் ஒரு நல்ல வைரஸ் ஸ்கேன் ஓட்டிவிடுங்கள். நாம் வைக்காத ப்ராக்ஸி திரும்பத் திரும்ப வருவதற்குத் தீய மென்பொருளும் காரணமாக இருக்கலாம், அந்த நேரத்தில் நம் பாஸ்வேர்டுகள் அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கக்கூடும்.

தேன்சிட்டு:

ஸ்டார்ட்அப்பில் இல்லை. ஷெட்யூலரில் இருந்தது, மென்பொருளின் பெயரோடு ‘அப்டேட்டர்’ என்று சேர்த்து. டிஸேபிள் செய்து மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். ப்ராக்ஸி ஆஃப் ஆகவே இருக்கிறது. பிறகு அதை அழித்தும்விட்டேன். ஸ்கேனும் ஓட்டினேன், சுத்தம்.

நீலக்கல்:

இந்த இழையைப் படித்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், எதிலும் குறை இல்லை. எனக்குச் சில தளங்கள் நொடியில் திறக்கின்றன, சில தளங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. ரூட்டரை மாற்றியதிலிருந்து இப்படி.

நெய்தல்:

உங்கள் இணைப்புக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ரூட்டருக்குள் போட வேண்டியிருந்ததா? அப்படியென்றால் அது பிபிபிஓஇ வகை. அதில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 8 பைட் கூடுதலாகச் செலவாகும், அதனால் வழக்கமான 1500-க்குப் பதில் 1492 பைட்தான் கொள்ளும். ரூட்டரில் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 1500 என்று விட்டிருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் தொலைந்துபோகலாம், சின்னவை போய்ச் சேரும். பிங் கட்டளையில் 8.8.8.8 எண்ணுக்குப் பின் ‘எஃப்’, ‘எல்’ என்ற இரண்டு தெரிவுகளைச் சேர்த்து 1472 அளவில் அனுப்புங்கள். போகாமல், 1464 அளவில் போனால் இதுதான். ரூட்டரின் எம்டியுவை 1492 ஆக்குங்கள்.

நீலக்கல்:

1464 போகிறது, 1472 போகவில்லை. மாற்றிவிட்டேன். நின்றுகொண்டிருந்த தளங்கள் திறக்கின்றன!

மழைக்குருவி:

தாமதத்துக்கு மன்னிக்கவும், வீட்டில் எண்ணி முடிக்கவே நேரம் ஆகிவிட்டது. ஃபோன்கள் 5, டிவி, பிரிண்டர், கேமராக்கள் 3, விளக்குகள் 4, இரண்டு லேப்டாப். மொத்தம் 16. ரிலீஸ், ரினியூ செய்து பார்த்தும் 169.254 தான் வருகிறது.

பழைய ஒயர்மேன்:

ரூட்டரின் பக்கத்துக்குள் போய், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை தருகிறது என்று பாருங்கள். லேப்டாப்பிலிருந்து போக முடியாது, இணைந்திருக்கும் ஃபோனிலிருந்து போங்கள்.

மழைக்குருவி:

192.168.1.100 முதல் 192.168.1.114 வரை என்று இருக்கிறது.

பழைய ஒயர்மேன்:

15 முகவரிதான், 16 கருவிகள். கடைசியாக வந்ததற்கு இடமில்லை. 114 என்பதை 199 ஆக்கிச் சேமித்து, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துப் போடுங்கள்.

மழைக்குருவி:

192.168.1.115 கிடைத்தது. இணையமும் வந்துவிட்டது. போன மாதம் அந்த நான்கு விளக்குகளை மாட்டியதிலிருந்துதான் இந்தத் தொல்லை தொடங்கியது, இப்போதுதான் புரிகிறது.